பஸ் டயருக்கு வசனம் எழுதியவள்

ஜன்னல் வழியாக நான் எட்டிப் பார்த்தபோது என் மகள் பஸ் டயராக இருந்தாள். நல்ல டயர்கூட இல்லை, பஞ்சரான டயர். வகுப்பறைத் தரையில் முழங்கால்களைக் கட்டிக்கொண்டு உருண்டையாக உட்கார்ந்து, வாயால் ‘உஸ்ஸ்ஸ்’ என்று காற்றை விட்டபடி மெல்ல மெல்ல ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தாள்.

மறந்து வைத்துவிட்டுப் போன டிபன் பாக்ஸைக் கொடுக்கத்தான் போயிருந்தேன். நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபில் அரை மணி நேரம் பர்மிஷன் கேட்டு, திண்டுக்கல் பேகம்பூரிலிருந்து வேகாத வெயிலில் ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு வந்திருந்தேன். ஒன்பதாம் வகுப்பு ஏ பிரிவு. பெஞ்சுகளையெல்லாம் சுவரோரம் தள்ளிவிட்டிருந்தார்கள். நடுவில் சாக்பீஸால் ஒரு நீளக் கட்டம். அதுதான் பஸ். கட்டத்துக்குள் ஏழெட்டுப் பெண்கள் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி ஆடாகவே மாறி, ‘மே’ என்று கத்திக்கொண்டிருந்தாள். மற்ற பெண்கள் சுவரோரப் பெஞ்சுகளின் மேலே ஏறி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் படித்த காலத்தில் இப்படியொரு சத்தம் வகுப்பறையிலிருந்து வந்தால் அங்கே டீச்சர் இல்லை என்று அர்த்தம். இங்கே டீச்சர் இருந்தார். பெஞ்சு மேல் ஏறி உட்கார்ந்திருந்தவர்களில் அவரும் ஒருவர்.

என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரம் அவர் ஊர். பேச்சிலேயே தெரியும்.

“ஏனுங்க, பாப்பாவோட அம்மாங்களா? வாங்க, வாங்க.”

“மிஸ், இது இங்கிலீஷ் பீரியட்தான?”

“ஆமாங்க.”

“புஸ்தகம்?”

“இருக்குதுங்க. பைக்குள்ள பத்திரமா இருக்குது.”

டிபன் பாக்ஸை நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார். அதற்குள் டயர் முழுவதுமாகப் படுத்துவிட்டது.

“எம்பொண்ணு ஏன் மிஸ் டயரா இருக்கா?”

“நான் குடுக்கலீங்க. பாப்பாவே கேட்டு வாங்கிக்கிட்டாங்க. டயரு பேச வேண்டியதில்லைங்களே, அதான்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு அவர் என்னை வராந்தாவின் ஓரத்துக்கு அழைத்துப் போய், இன்னும் மூன்று வாரத்தில் பேச்சுத் தேர்வு வருகிறது என்றார். பத்து மதிப்பெண். நான்கு நான்கு பேராகச் சேர்ந்து ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் ஒரு நாடகம் நடித்துக் காட்ட வேண்டும். ஐந்து மதிப்பெண் எடுப்பவர்கள் பத்தாம் வகுப்பிலும் ஏ பிரிவில், ஆங்கில வழியில் தொடரலாம். எடுக்காதவர்களைத் தமிழ் வழிக்கு, பி பிரிவுக்கு மாற்றிவிடுவது என்று தலைமையாசிரியை முடிவு செய்திருக்கிறாராம்.

நானே தமிழ் வழியில் படித்தவள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ், அதற்கப்புறம் லேப் டெக்னீஷியன் டிப்ளமோ. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் என் மகளும் இன்னும் மூன்று பெண்களும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள். ஒருத்தி சின்னாளப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிறாள், அப்பா அம்மா இரண்டு பேரும் தறியில் சேலை நெய்பவர்கள். இன்னொருத்தி வகுப்பிலேயே உயரமானவள். மூன்றாமவள் கண்ணாடிக்காரி. இந்த மூன்று பேரிடமும் என் மகள் வாய் மூடாமல் பேசுவாள். இவர்களை விட்டால் வகுப்பில் வேறு யாரிடமும் ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவளைத் தனியாகப் பிரித்து வேறு பிரிவில் போட்டால் பத்தாம் வகுப்பு முழுவதும் அவள் வாயே திறக்காமல் முடிந்துபோகும். எனக்கு அதுதான் பயம். அவளுக்கும் அதுதான். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், பையைக் கழற்றாமலேயே சொல்லிவிட்டாள்.

“நாங்க நாலு பேரும் ஒண்ணா இருக்கணும்மா. இல்லைன்னா நான் ஸ்கூலுக்குப் போகல.”

“அப்ப நீ பேசணும்ல? டயரா உருண்டா எப்படி?”

“உருளலம்மா. பஞ்சர்.”

என் கணவருக்குத் தோல் செருப்பு, பெல்ட் வியாபாரம். கடையை மூடிவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ரொம்ப யோசித்து, “முன் டயரா, பின் டயரா?” என்று கேட்டார்.

“ஏங்க, நான் இங்க பதறிக்கிட்டு இருக்கேன்.”

“இல்லம்மா, முன் டயர்னா பொறுப்பு ஜாஸ்தி.”

“பின் டயர், அத்தா,” என்றாள் மகள் அப்பாவிடம். இரண்டு பேரும் சிரித்தார்கள். இந்த வீட்டில் கவலைப்படுகிற வேலை என்னுடையது மட்டும்தான் என்று எனக்கு எப்போதோ தெரியும்.

அந்த டீச்சர் பாடம் நடத்தும் முறையை மகளிடம் துருவித் துருவிக் கேட்டேன். முதல் வாரம் யாரும் பேசவே கூடாதாம், கை காலை மட்டும் ஆட்டி நடிக்க வேண்டுமாம். இரண்டாம் வாரம் ஒருவருக்கு ஒரே ஒரு சொல். அதற்கப்புறம்தான் வாக்கியங்கள். நடிக்கும்போது ஆங்கிலச் சொல் தெரியவில்லை என்றால் முழிக்கக் கூடாது, கையைத் தூக்கி “வேர்ட் ப்ளீஸ்” என்று கேட்டுத் தமிழில் சொல்ல வேண்டும். பார்த்துக்கொண்டிருப்பவர்களில் யாருக்குத் தெரிகிறதோ அவர்கள் கத்துவார்கள். வாங்கிக்கொண்டு நடிப்பைத் தொடர வேண்டும். அதற்கு மார்க் குறைக்க மாட்டார்களாம்.

“வசனத்தை எழுதிக் குடுக்க மாட்டாங்களா?”

“எழுதவே கூடாதும்மா. மனப்பாடம் பண்ணவும் கூடாது. மிஸ் ஒரு முறுக்கு டப்பா வச்சிருக்காங்க. அதுக்குள்ள நாங்களே எடம் பேரு எழுதிப் போட்ட சீட்டு இருக்கு. டெஸ்ட் அன்னிக்கும் அதுலதான் எடுப்போம். எந்த எடம் வருதோ அங்க நடக்குற மாதிரி நடிக்கணும்.”

இதை நான் காதால் கேட்டேன். மனதால் கேட்கவில்லை. தேர்வு என்று ஒன்று இருந்தால் அதில் என்ன வரப்போகிறது என்பதை முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பி வளர்ந்தவள் நான். ‘இம்பார்டன்ட் கொஸ்டின்’ என்ற இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்தைத் தாண்டி வந்தோம்.

“இதுவரைக்கும் எந்த எடம் அதிகமா வந்திருக்கு?”

“பஸ்தான். மூணு தடவ.”

மூன்று தடவை! புத்தகத்தில் ஒரு கேள்விக்கு நேராக மூன்று நட்சத்திரம் போட்டிருந்தால் அதைப் படிக்காமல் போவோமா? நான் மற்ற மூன்று அம்மாக்களுக்கும் போன் போட்டேன். அவர்களுக்கும் இதில் சந்தேகமே வரவில்லை. சின்னாளப்பட்டி அம்மா தறியை நிறுத்திவிட்டுப் பேசினார்.

“எக்கா, நீங்க படிச்சவுக. நீங்களே எதாச்சும் எழுதிக் குடுங்க. எம்மக ரெண்டு தடவ பாத்தாப் போதும், அம்புட்டையும் ஒப்பிச்சிருவா.”

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்டக்டர், டிரைவர், பயணிகள் இரண்டு பேர். பஸ் பழனி போகும் வழியில் பஞ்சராகி நிற்கிறது. கதை தயார். வசனம் எழுதப் பேனாவைத் திறந்தபோதுதான் ஒரு உண்மை தெரிந்தது. எனக்கு ஆங்கிலம் படிக்க வரும். லேப் ரிப்போர்ட்டைக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். ஆனால் ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் ஆங்கிலத்தில் சொல்வதாக எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது உலகத்திலேயே ஒன்றுதான். லீவ் லெட்டர்.

எழுதிவிட்டேன். பயணி கண்டக்டரிடம் பேசுவது இப்படி ஆரம்பித்தது: “ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் டிராவலிங் இன் யுவர் பஸ் ஃப்ரம் திண்டுக்கல் டு பழனி. அஸ் த பஸ் இஸ் சஃபரிங் ஃப்ரம் பஞ்சர், ஐ கைண்ட்லி ரிக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ அனதர் பஸ். தாங்கிங் யூ.” கண்டக்டரின் பதில்: “நோ அதர் பஸ் இஸ் அவைலபிள். கைண்ட்லி அட்ஜஸ்ட்.” மகளை டிரைவராகப் போட்டு அவளுக்கு மட்டும் மூன்றே மூன்று சின்ன வரிகள் கொடுத்தேன்.

எனக்கு அது ரொம்பப் பிரமாதமாகத் தெரிந்தது. கணவர் வாசித்துவிட்டு, “அந்த பஸ்ஸுக்கு ரெண்டு நாள் லீவு குடுத்துருவாய்ங்க,” என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் எடுத்து மூன்று வீடுகளுக்கும் கொடுத்தனுப்பினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரையும் எங்கள் மொட்டை மாடியில் நிற்க வைத்து ஒப்பிக்கச் சொன்னேன். சின்னாளப்பட்டிப் பெண் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். என் மகள் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

“மனப்பாடம் பண்ணுனா மிஸ் கண்டுபிடிச்சிருவாங்கம்மா.”

“மனப்பாடம் பண்ணுனது தெரியாத அளவுக்கு மனப்பாடம் பண்ணு.”

இப்படிச் சொன்னவள் நான்தான். இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

தேர்வு நாள் வந்தது. பெற்றோர் விரும்பினால் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். மற்ற மூன்று அம்மாக்களாலும் வேலையை விட்டு வர முடியவில்லை. நான்கு பேருக்கும் சேர்த்து நான் மட்டும் போனேன்.

முதல் குழு டப்பாவில் கையை விட்டது. பேங்க். ஒரு பெண் மேனேஜராகி, செருப்பைக் கழற்றி போன் மாதிரிக் காதில் வைத்துக்கொண்டு பேசினாள். நன்றாகத்தான் இருந்தது. நான் பார்க்கவில்லை, டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்தது இரண்டாவது குழு. அதற்கடுத்தது எங்கள் குழு.

இரண்டாவது குழு சீட்டைப் பிரித்துச் சத்தமாகப் படித்தது. “பஸ்!”

என் வாயிலிருந்து “அய்யய்யோ” என்று வந்துவிட்டது. டீச்சர் திரும்பிப் பார்த்தார். இருமுவதுபோல் நடித்தேன். அந்த வகுப்பில் நான் நடித்த முதல் நடிப்பு அது. எங்கள் பஸ்ஸை வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போகிறார்கள்! அதுவும் மடக்கி மடக்கி, தப்பும் தவறுமாக, ஒருத்தி டிக்கெட்டுக்குப் பதில் வேர்க்கடலை வாங்கிக்கொண்டு, எப்படியெல்லாமோ ஓட்டினார்கள். எழுதி வைத்த வசனம் என் பைக்குள் மடங்கிக் கிடந்தது. எழுந்து போய் அவர்களிடமே கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

எங்கள் குழு எழுந்தது. உயரமான பெண் டப்பாவுக்குள் கையை விட்டுத் துழாவினாள். துழாவித் துழாவி எடுத்தாள்.

“ஹாஸ்பிட்டல்.”

நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன்.

டீச்சர் கொடுத்த ஒரு நிமிடத்தில் அவசர அவசரமாகப் பிரித்துக்கொண்டார்கள். உயரமானவள் நோயாளி. கண்ணாடிக்காரி டாக்டர். சின்னாளப்பட்டிப் பெண் நோயாளியின் அம்மா. என் மகளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அவள் கட்டத்தின் மூலையில் போய் நின்றுகொண்டாள். இன்றைக்கு டயர் வேலைகூட இல்லை.

நோயாளியின் அம்மா முன்னால் வந்தாள். கையைக் கட்டினாள். மாடியில் எப்படி நின்றாளோ அப்படியே நின்றாள். அப்புறம் அவள் வாய் தானாகத் திறந்தது.

“ரெஸ்பெக்டட் டாக்டர், ஐ ஆம் டிராவலிங் இன் யுவர் ஹாஸ்பிட்டல் ஃப்ரம் திண்டுக்கல் டு பழனி.”

டாக்டர் பயந்துபோய்க் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தனக்குத் தெரிந்த ஒரே வரியைச் சொன்னாள்.

“நோ அதர் பஸ் இஸ் அவைலபிள். கைண்ட்லி அட்ஜஸ்ட்.”

பெஞ்சுகள் அதிர்ந்தன. சிலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சிலிருந்து இறங்கியே விட்டார்கள். நோயாளி தன் பங்குக்கு, தான் பஞ்சரால் அவதிப்படுவதாகவும் தயவுசெய்து தனக்கு அனுமதி வழங்க வேண்டுமென்றும் சொல்லி, நன்றியும் சொல்லி முடித்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. மூன்று பேரும் அப்படியே உறைந்து நின்றார்கள். வசனம் தீர்ந்துவிட்டது. சிரிப்பு தீரவில்லை. எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் நன்றாக இருக்கும்போல் இருந்தது.

அப்போதுதான் மூலையில் ஒரு சத்தம். என் மகள் ஒரு நாற்காலியைத் தரதரவென்று இழுத்து வந்து நடுவில் போட்டாள். அதைத் தட்டினாள்.

“நெக்ஸ்ட்! சிட்.”

உயரமானவள் உட்கார்ந்தாள். என் மகள் தன் துப்பட்டாவின் முனையால் அவள் மேல்கையை இறுக்கிக் கட்டினாள். இரண்டு விரலால் முழங்கையின் உள்பக்கத்தைத் தட்டினாள். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, கண்ணாடியே போடாதவள், இல்லாத கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

“ஃபாஸ்டிங்?”

“எஸ்.”

“நோ டீ?”

“நோ டீ.”

“ட்ரூத்!”

அந்த அதட்டலில் உயரமானவள் மாடியில் படித்ததையெல்லாம் மறந்துவிட்டாள். “ஒன்லி ஹாஃப் கிளாஸ்!” என்று அலறினாள். வகுப்பு மறுபடி சிரித்தது. இது வேறு சிரிப்பு.

“ஆல் பேஷன்ட் சேம். டீ டிரிங்கிங், லை டெல்லிங், மார்னிங் மார்னிங் மை டைம் வேஸ்ட்!” அவள் கையைத் தூக்கினாள். “வேர்ட் ப்ளீஸ்! நரம்பு!”

“வெயின்!” என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். இருபது வருடப் பழக்கம், யாரைக் கேட்டும் வரவில்லை.

“தேங்க் யூ. வெயின் நாட் கமிங். டோன்ட் லுக் ஹியர். லுக் ஃபேன். ஹவ் மெனி சில்ட்ரன்? ஆல் ஸ்டடியிங்? இங்கிலீஷ் மீடியமா? குட், குட்… ஃபினிஷ்ட்! நோ பெயின்! சீ, ஃபினிஷ்ட்!”

அது நான். ஊசி குத்தும்போது நோயாளியின் கவனத்தைத் திருப்ப நான் கேட்கும் கேள்விகள், நான் பொய்யாகக் காட்டும் கோபம், என் புருவம், என் மூக்குக்கண்ணாடி. பள்ளி விட்டு வந்து லேபில் ஒரு ஓரமாக உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். டீச்சர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு குலுங்கினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்து மூக்கில் மாட்டிக்கொண்டன.

மணி அடித்தபின் டீச்சர் மதிப்பெண்களை வாசித்தார். என் மகளுக்கு எட்டு. நான் கைதட்டப் போனேன். அடுத்த மூன்று பெயர்களுக்கும் மூன்று, மூன்று, மூன்று.

என் கை பாதியில் நின்றது. ஐந்து வேண்டும். அப்படியென்றால் என் மகள் ஏ பிரிவில். மற்ற மூன்று பேரும் பி பிரிவில். எது நடக்கக் கூடாது என்று பதறினேனோ அது தலைகீழாகத் திரும்பி, என் கையாலேயே நடந்துவிட்டது.

பள்ளி கேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் மகள் ஒன்றே ஒன்று சொன்னாள். “நீதாம்மா.” அதற்குமேல் முடியாமல் அழுதாள். நான் ஸ்கூட்டி சாவியை அவள் கையில் திணித்துவிட்டுத் திரும்ப உள்ளே ஓடினேன்.

டீச்சர் பெஞ்சுகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். பிடித்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

“மிஸ், அந்த வசனத்த எழுதுனது நான்தான். பிள்ளைக மேல தப்பு இல்ல. எம்பொண்ணு வேணாம்னுதான் சொன்னா. நான் கேக்கல.”

“தெரியுமுங்க.”

“எப்படி மிஸ்?”

“பதினாலு வயசுப் புள்ளைக எதுங்க ‘கைண்ட்லி அட்ஜஸ்ட்’டுன்னு பேசும்? இது ஆபீஸ் போற ஆளு எழுதுனதாட்டம் இருக்குதேன்னு நெனச்சேன்.”

இன்னும் இரண்டு பெஞ்சுகளை நகர்த்தினோம். பிறகு, அந்த மூன்று பேருக்கும் இன்னொரு வாய்ப்புக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். நானே தலைமையாசிரியையிடம் வந்து சொல்கிறேன் என்றேன். டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நானே கேட்டு வாங்குறனுங்க. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி வெப்போம். பொறவு ஒண்ணுங்க. அந்த வசனம் அவங்க மண்டைக்குள்ள கெடக்குற வரைக்கும் வேற எதுவும் வெளிய வராது. உள்ள போட்டது நீங்க. நீங்களே எடுத்துருங்க.”

மனப்பாடம் செய்ய வைப்பது எனக்குத் தெரியும். மறக்க வைப்பது எப்படி? யாராவது இதற்கு நோட்ஸ் போட்டிருக்கிறார்களா?

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வீட்டுக்கு வந்தார்கள். சின்னாளப்பட்டிப் பெண் வாயைத் திறந்தால் போதும், “ரெஸ்பெக்டட்” என்று வந்து விழுந்தது. காபி வேண்டுமா என்று கேட்டேன். “ரெஸ்பெக்டட் ஆன்ட்டி” என்றாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் நிதானமாக நினைத்து நினைத்துப் பேசச் சொன்னேன். நினைக்க நினைக்க அதுதான் வந்தது.

கடைசியில் என் மகள் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். “நீ ஒண்ணும் சொல்லித் தராதம்மா. நீயும் வந்து நில்லு.”

“நானா?”

“நீதான் மீன் கடைக்காரம்மா. இவ வாங்க வர்றா. மீனு நாறுது. ஸ்டார்ட்!”

ஹாலின் நடுவில் நின்றேன். என் எதிரே சின்னாளப்பட்டிப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, “திஸ் ஃபிஷ் ஓல்ட்!” என்றாள். எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. ரிப்போர்ட் ரிப்போர்ட்டாக அடித்துத் தள்ளுகிற ஆங்கிலம் எங்கே போனதென்றே தெரியவில்லை. “வேர்ட் ப்ளீஸ்” என்று கையைத் தூக்கினேன். என்ன சொல் வேண்டும் என்றும் தெரியவில்லை. நான்கு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு கோபம் வந்துவிட்டது, உண்மையான கோபம்தான், என் மீனை எப்படிக் குறை சொல்லலாம்? “யுவர் நோஸ் ஓல்ட்! மை ஃபிஷ் ஃபிரெஷ்!” என்று கத்தினேன். அவளும் விடவில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை மகள் கையைத் தட்டி இடத்தை மாற்றினாள். மீன் கடை கல்யாண மண்டபமானது, கல்யாண மண்டபம் தியேட்டரானது. மதியச் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து வந்த என் கணவர், வாசலிலேயே செருப்பைக் கழற்றியபடி, “எனக்கு எதுவும் வேஷம் இருக்கா?” என்று கேட்டு, மாப்பிள்ளையின் மாமாவாக நின்று, “நோ பிரியாணி, நோ மேரேஜ்” என்ற ஒரே வசனத்தை ஒன்பது விதமாகப் பேசினார். எத்தனை மணிக்கு அந்தப் பெண் ‘ரெஸ்பெக்டட்’டை விட்டாள் என்று யாரும் கவனிக்கவில்லை.

வியாழக்கிழமையும் பள்ளி விட்டதும் வந்தார்கள். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஒரு வெஞ்சனம் வைக்கக்கூட நேரமில்லாமல் அன்று நான் டிராபிக் போலீஸ்.

வெள்ளிக்கிழமை நான் வரவே கூடாது என்று நான்கு பேரும் சேர்ந்து சொல்லிவிட்டார்கள். லேபில் இருந்தேன். உடம்புதான் இருந்தது. ஒரே ஆளிடம் இரண்டு தடவை பெயர் கேட்டேன். நாலே முக்காலுக்கு, பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர் சுகர் டெஸ்டுக்காக வந்து, கையை நீட்டி உட்கார்ந்திருந்தார். ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு ஊசியைப் பிரித்தபோது கதவு திறந்தது.

முதலில் உயரமானவள் வந்தாள். தலை தொங்கியிருந்தது. பின்னால் கண்ணாடிக்காரி, கண்ணாடியைக் கையில் கழற்றி வைத்திருந்தாள். சின்னாளப்பட்டிப் பெண்ணின் கண் சிவந்திருந்தது. என் மகள் உள்ளேயே வரவில்லை. கதவோரம் சுவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள், தோள் குலுங்கியது.

“என்னாச்சு?”

உயரமானவள் தரையையே பார்த்தாள்.

“ஏய், என்னாச்சுன்னு சொல்லுங்கடி.”

“நாலுதான் ஆன்ட்டி,” என்றாள் சின்னாளப்பட்டிப் பெண். குரல் உடைந்தது.

“யாருக்கு?”

“மூணு பேருக்கும்.”

ஊசியை டிரேயில் வைத்துவிட்டேன். அந்தப் பெண்ணின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டேன். “நான் இப்பவே வாரேன். ஹெச்.எம்.கிட்ட நானே சொல்றேன். எல்லாம் நான் எழுதிக் குடுத்ததுன்னு எழுதியே குடுக்குறேன். நீங்க அழாதீங்க தாயி, உங்க மேல ஒரு தப்பும் இல்ல, நான்தான், எல்லாம் நான்தான்…” பேசப் பேச எனக்கே அழுகை வந்துவிட்டது.

சுவரோரம் குலுங்கிக்கொண்டிருந்த தோளிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அழுகைச் சத்தம் இல்லை. என் மகள் திரும்பினாள். சிரிப்பை அடக்கி அடக்கி முகம் வீங்கிப்போயிருந்தது. உயரமானவள் தலையை நிமிர்த்தினாள். கண்ணாடிக்காரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

“ஆறும்மா! இவளுக்கு ஆறு, இவளுக்கு ஆறு, இவளுக்கு ஏழு!”

“பொய் சொல்லாதீங்கடி.”

“சத்தியமா ஆன்ட்டி! நாலு பேரும் ஏ செக்‌ஷன்தான்! போஸ்ட் ஆபீஸ் வந்துச்சு ஆன்ட்டி, இவ பார்சல்ல ஆட்டுக்குட்டி அனுப்பணும்னு ஒத்தக் கால்ல நின்னா!”

“கண்ணு ஏன் சிவந்திருக்கு?”

“வெளிய நின்னு தேச்சுக்கிட்டேன் ஆன்ட்டி.”

நான்கு பேரும் ஒரே நேரத்தில் குதித்தார்கள். டிரே ஆடியது. “கழுதைகளா, இது லேப்! ஆளு உக்காந்திருக்காங்க!” என்று திட்டிக்கொண்டே நான்கு தலைகளையும் சேர்த்துக் கட்டிப் பிடித்தேன். எந்தத் தலை யாருடையது என்று தெரியவில்லை. பிறகு கண்ணைத் துடைத்து, மூக்கைத் துடைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, புதுக் கையுறை மாட்டி, புது ஊசியை எடுத்துக்கொண்டு பூக்கடை அம்மாவிடம் போனேன்.

அவர் ரப்பர் பட்டையைத் தானே அவிழ்த்து மடியில் வைத்திருந்தார். என் கையையே பார்த்தார். சேலையை இழுத்து முழங்கையை மூடிக்கொண்டார்.

“செத்த நேரம் ஆகட்டும் தாயி,” என்றார். “கை ஆடுது பாரு. மொதல்ல ஒரு டீயக் குடிச்சிட்டு வா. நான் எங்கயும் போகல.”